இருபத்திரண்டாவது கதவு

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.

நாற்பத்து நான்கு கடைகள் கொண்ட ஒரு தெரு உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துவர, வட்டார அலுவலகம் அன்று காலை ஒரே ஒரு பெண்ணை, ஒரே ஒரு கைக்கருவியோடு, இரண்டே இரண்டு மணி நேரத்துக்கு அனுப்பிவைத்தது. மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான். இங்கே பல்லும் பார்க்கவில்லை, பேச்சும் இல்லை. கதவு திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் சுழியம்.

பக்கத்து ஊரில் இப்படி எவரும் எண்ண வரவில்லை. எண்ணவேண்டிய தேவை அங்கே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டர். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே உப்பு. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு மட்டும் கடலுக்குள் ஒரு கல்தடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த ஊருக்கு வரவேண்டிய மணல் அன்றிலிருந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அங்கே கரை அகன்று, குடைகள் முளைத்து, விடுதிகள் எழும்பின. இங்கே கரை தேய்ந்து, அலை சாலையோரக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போகிறது. மணல் நின்ற இடத்தில் ரயிலும் நின்றது. ரயில் நின்ற இடத்துக்கு மனிதர்களும் போனார்கள். இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் அன்று. ஒருவர் ஒரு தாளில் போட்ட கையெழுத்து.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களுக்குச் சில வரிகள்.

இந்த ஊர்க் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவளைத் தெரு பூட்டம்மா என்று அழைக்கும். வயது ஐம்பத்து மூன்று. கடைக்குப் பின்புறத்து இரண்டு அறைகளில் அவளும், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவள் அப்பாவும் வசிக்கிறார்கள். தம்பி ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊருக்குப் போய், அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டுகளை விடுதிகளுக்கு மாட்டிக் கொடுத்து நன்றாகக் காலூன்றிவிட்டான்.

தெருவில் பாதிக் கடைகள், அதாவது இருபத்திரண்டு, திறந்திருந்தால் பேருந்து நிலையம் இங்கேயே நீடிக்கும். ஒன்று குறைந்தாலும் பேருந்துகள் நெடுஞ்சாலையிலேயே திரும்பிப் பக்கத்து ஊருக்குப் போய்விடும். பேருந்து வராத தெருவில் பூட்டுக் கடைக்கு என்ன வேலை?

"எண்ணிக்கை தேறலேன்னா நான் மேல பேச மாட்டேன்டா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு அங்க வந்துடறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தட்டைக் கழுவப் போனாள். தண்ணீர் சுடுகிறது என்பதுகூடக் கை சிவந்த பிறகுதான் தெரிந்தது.

திறந்திருப்பவை பத்தொன்பது. அவளுடைய கடையையும் சேர்த்து.

மூன்று குறைவு.

*

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு மாற்றுச் சாவியைப் பூட்டம்மாவிடம் கொடுத்து வைப்பார்கள். சாவியைத் தொலைத்துவிட்டுக் காலையில் வந்து விழிப்பவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. பிறகு கடையை நிரந்தரமாக மூடுகிறவர்களும், மாற்றுச் சாவியைத் திரும்ப வாங்காமலே போனார்கள். "இருக்கட்டும், வந்து திறக்கும்போது வாங்கிக்கறேன்" என்றார்கள். எவரும் வரவில்லை. அவளுடைய ஆணிப்பலகையில் இருபத்தைந்து சாவிகள் அப்படியே தொங்கின.

அவளுடைய கடையின் மாற்றுச் சாவி மட்டும் தம்பியிடம் இருந்தது. பூட்டுக்காரி வேறு எந்தப் பூட்டுக்காரியிடம் கொடுத்து வைப்பாள்?

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பலகையிலிருந்து மூன்று சாவிகளைக் கழற்றினாள். செருப்புக் கடை, போட்டோ ஸ்டுடியோ, பயணப் பைக் கடை. மூன்று பேரிடமும் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லியாயிற்று.

செருப்புக் கடைக்காரர் இப்போது பக்கத்து ஊரில் பெரிய செருப்புக் கடை ஒன்றில் விற்பனையாளர். "ரெண்டு மணி நேரந்தானே பூட்டம்மா? தாராளமா திற. எலி இருக்கும், கால்ல ஏதாவது போட்டுக்கிட்டுப் போ" என்றார்.

"செருப்புக் கடைக்குப் போறதுக்குச் செருப்புப் போட்டுக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. இருவரும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

இது பித்தலாட்டம்தான். அதை வேறு சொல்லால் மெழுகிப் பயனில்லை. முப்பது ஆண்டுகளில் ஒருவர் சாவியை இன்னொருவருக்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக் கொடுக்காதவள் அவள். ஆனால் அன்று காலை அந்த மூன்று சாவிகளும் கையில் இருந்தபோது குற்றவுணர்வும் வரவில்லை, அச்சமும் வரவில்லை. பல் பிடுங்கும்முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது நெஞ்சு.

ஒன்பது மணிக்குத் தம்பியின் வேன் வந்து நின்றது. கதவில் அவன் தொழிலின் பெயர் பளபளப்பான எழுத்துகளில் இருந்தது. தெருவிலேயே புதிதாகத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

"ஊரே கிளம்பிப் போச்சு. நீ மட்டும் யாருக்குக்கா பூட்டிக்கிட்டு இருக்கே?" என்றபடி இறங்கினான்.

"வந்தவுடனே ஆரம்பிக்காதேடா. உதவி பண்றேன்னு சொன்னே, பண்ணு."

"பண்ணத்தானே லீவு போட்டுட்டு வந்திருக்கேன்." அவன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றினான். "எனக்கு எந்தக் கடை?"

"ஸ்டுடியோ. நம்ம கடைக்கு நேர் எதிர். யாராவது கேட்டா, கேமரா ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லு."

"எனக்கு?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஓட்டுநர்ச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை.

"உங்களுக்குச் செருப்புக் கடைப்பா. பேசாம உக்காந்திருந்தாப் போதும்."

"பேசாம உக்காந்திருக்கறவன் கடைக்காரனா? பிணம்" என்றார் அப்பா.

"அப்ப பேசுங்க. ஆனா பஸ் கதை பேசாதீங்க."

திட்டம் எளிது. அந்தப் பெண் பேருந்து நிலையத்தில் தொடங்கி, இடப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டே கடற்கரை முனைவரை போவாள். பிறகு வலப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டு திரும்புவாள். செருப்புக் கடையும் ஸ்டுடியோவும் இடப்பக்கம். பயணப் பைக் கடை வலப்பக்கம், கடற்கரை முனையில். அங்கே பூட்டம்மா உட்காருவாள். மூடிக் கிடந்த கடைகளில் தூசி படிந்திருக்கும். ஆள் இருந்தால்தான் அவற்றைக் கடை என்று நம்பமுடியும்.

அவளுடைய கடைக்கு ஆள் தேவையில்லை. ஷட்டர் மேலே இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். கடைக்காரர் எங்கே போனார் என்று கேட்பது அலுவலகத்தின் விதியில் இல்லை.

"கடையைத் திறந்து போட்டுட்டா போகப் போறே? நீயா?" என்றான் தம்பி.

அவன் வியந்ததில் தவறில்லை. தெருவின் சாவிகள் அத்தனையும் தொங்கும் கடை அது. குடிநீர் பிடிக்கப் போனாலும் ஷட்டரை இழுத்துவிட்டுத்தான் போவாள். பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கப் போனாலும் அப்படித்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் திறந்து கிடக்கட்டும்."

"எதிர்லதானே உக்காந்திருக்கேன். உன் கடையை நான் பாத்துக்கறேன், போ."

தெருவின் தொடக்கத்தில் கடை வைத்திருக்கும் தையற்காரர் காவல் நின்றார். அந்தப் பெண் பேருந்தைவிட்டு இறங்கியதும் கத்திரிக்கோலைக் காற்றில் மூன்று முறை வெட்டிக்காட்டுவதாக ஏற்பாடு. "எதுக்கு இந்தச் சினிமாவெல்லாம்? ஒரு போன் போடுங்களேன்" என்று பூட்டம்மா கேட்டதற்கு, "போன்ல சார்ஜ் நிக்கறதில்ல பூட்டம்மா. கத்திரிக்கோல்ல நிக்கும்" என்றார் அவர்.

செருப்புக் கடை எளிதில் திறந்தது. ஸ்டுடியோவும் திறந்தது. இரண்டையும் திறந்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பி வந்தாள். விளக்கைப் போட்டாள். எண்ணெய்ப் புட்டியையும் சின்ன அரத்தையும் பையில் போட்டுக்கொண்டாள். பத்து அடிக்கப் பத்து நிமிடம். தெருக்கோடியில் கத்திரிக்கோல் மூன்று முறை மின்னியது.

பேருந்து முன்னதாகவே வந்துவிட்டது.

அவள் பயணப் பைக் கடையின் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் வேகமாக நடந்தாள். வாசலைத் தாண்டும்போதே ஏதோ கிளிக் என்றிருந்தது. ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்கும் ஒலி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

பயணப் பைக் கடையின் ஷட்டர் அசையவில்லை.

சாவி சுழன்றது, பூட்டு விட்டது, ஷட்டர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கடலை ஒட்டிய கடை. மூன்று ஆண்டு உப்பு இரண்டு பக்கத் தடத்திலும் அடைத்து, இரும்பும் துருவும் பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கிடந்தன.

அவள் மண்டியிட்டு அரத்தால் சுரண்டினாள். எண்ணெய் விட்டாள். உலுக்கினாள். மறுபடியும் சுரண்டினாள். நகத்துக்குள் துரு ஏறியது. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு கடையாக நின்று படம் எடுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. நீல நிறச் சீருடைக் கோட்டு, கழுத்தில் அட்டை, நடையில் அவசரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. செருப்புக் கடைக்குள் மட்டும் எதற்காகவோ ஏழெட்டு நிமிடம் இருந்தாள். அப்பா எந்தத் தவறும் செய்யாமல் இருக்கவேண்டுமே என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, கை பாட்டுக்கு வேலை செய்தது.

அந்தப் பெண் கடற்கரை முனையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஷட்டர் ஒரு கதறலோடு இடுப்பளவு ஏறியது. பூட்டம்மா தோளைக் கொடுத்து முட்டினாள். முழுவதும் ஏறிவிட்டது.

"காலைலயே கஷ்டப்படறீங்க போல" என்றாள் அந்தப் பெண், சாலையைக் கடந்து வந்து. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"உப்புக் காத்தும்மா. தினமும் இதே பாடுதான்."

பெண் கருவியைத் தூக்கிப் படம் எடுத்தாள். பயணப் பைக் கடை, திறந்தது. பூட்டம்மா மூச்சை மெல்ல விட்டாள். இருபத்திரண்டு. இனி எண்ணிக்கையில் சேரவேண்டியவை எல்லாம் எப்போதும் திறந்தே இருக்கும் கடைகள்.

பெண் போகவில்லை. தூசி படிந்த அடுக்கில் ஒரு நீலப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது நல்லாருக்கே. ஆனா பூட்டிக்கிடக்கே?"

"குடும்மா" என்று வாங்கினாள் பூட்டம்மா. சின்ன எண்பூட்டு. மூன்று சக்கரங்களில் நடுச்சக்கரம் இறுகியிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய், கட்டைவிரலால் ஒரு தட்டல், திறந்துகொண்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அடேயப்பா! பூட்டு வேலையெல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"பை விக்கறவளுக்கு இதுகூடத் தெரியாம எப்படிம்மா?"

பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெண் முதல்முறையாகச் சிரித்தாள். "உங்க தெருல எல்லாரும் நல்லா பேசறீங்க. நேத்து பக்கத்து ஊர்ல டீ குடிக்கப் போனேன், நாப்பது பேர் வரிசை. யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கக் கடைகளைப் பார்த்தபடி திரும்பி நடந்தாள்.

பூட்டம்மா அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். உடனே எழுந்து போனால் ஐயம் வரும். எதிரே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மகிழ்ச்சி வரவேண்டிய நேரம். அது வருவதற்காக அவள் சற்றுக் காத்திருந்தாள்.

*

பதினொன்றரைக்கு எல்லோரும் பேருந்து நிலையத்தின் நிழற்கூரைக்குக் கீழே கூடிவிட்டார்கள். எவரும் சொல்லிக் கூடவில்லை. தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். தம்பி தூணில் சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பெஞ்சில் உட்கார்ந்து கருவியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா வாயெல்லாம் பல்லாக இருந்தார். மகளை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார்: "உள்ள வந்தா. என்ன சைஸ்னு கேட்டேன். தெரியாதுங்கறா. உக்காரும்மான்னு காலை அளந்து பார்த்தேன். ஆறு. இவ்வளவு நாளா ஏழு போட்டு நடந்திருக்கா, பாவம், குதிகால் எல்லாம் உரசியிருக்கு."

"பஸ் கதை பேசலியே?"

"கொஞ்சம் பேசினேன்."

பெண் நிமிர்ந்தாள். கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிறு தயக்கம் தெரிந்தது. "எண்ணிக்கையை வெளில சொல்லக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லைங்க. அதனால சொல்றேன். இருபத்தொண்ணு."

"இருபத்திரண்டும்மா" என்றார் தையற்காரர். "நல்லா பாருங்க."

"நல்லா பாத்துட்டேங்க. ரெண்டு தடவை கூட்டினேன்."

"படிங்க. மூடின கடையெல்லாம் படிங்க."

அவள் பொறுமையாகப் படித்தாள். மூடிய கடைகள் ஒவ்வொன்றின் பெயரும் அந்தக் கூரைக்குக் கீழே ஒலித்தது. பூட்டம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஆணிப்பலகையில் ஒரு சாவியை மனத்தில் தொட்டுக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு பெயருக்குச் சாவி இல்லை.

"கடை எண் முப்பத்தேழு. பூட்டு சாவிக் கடை. ஷட்டர் பூட்டியிருந்தது. பதினொண்ணு பத்து."

தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார்.

பூட்டம்மா தன் வலக்கையைப் பார்த்தாள். துருவும் எண்ணெயும் படிந்த கை. எப்போது இழுத்தது? எப்போது பூட்டியது? நினைவில் ஒன்றும் இல்லை. கிளிக் என்ற அந்த ஒலி மட்டுமே இருந்தது. புடவைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் கைவிட்டாள். கடைச் சாவி அங்கேதான் இருந்தது, பூட்டிய பிறகு எப்போதும் இருக்கும் இடத்தில்.

"அது..." என்று அப்பா வாயெடுத்தார். தையற்காரர் அவர் காலை மிதித்தார்.

மிதித்தது சரிதான். அது என் கடை என்று பூட்டம்மா சொல்லலாம். சொன்னால், பயணப் பைக் கடையில் உட்கார்ந்திருந்தவள் யார் என்ற கேள்வி வரும். ஒன்றைச் சேர்த்தால் மூன்று கழியும். உண்மையைச் சொல்லும் வாயை அவளே காலையில் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அந்தக் கடைக்காரங்க..." என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை. "அவங்க தினமும் திறப்பாங்கம்மா. முப்பது வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. இன்னிக்குத்தான் ஏதோ... இப்ப வந்துடுவாங்க."

"வந்தாலும் எழுத முடியாதுங்க. படம் ஏறிடுச்சு. நேரத்தோட ஏறிடுச்சு." பெண் உண்மையிலேயே வருந்தினாள். "உள்ள லைட் எரிஞ்சுது. ஷட்டருக்குக் கீழ தெரிஞ்சுது. அதனால பத்து நிமிஷம் நின்னு பாத்தேன், யாராவது வருவாங்களான்னு. ரெண்டு தடவை தட்டிக்கூடப் பாத்தேன். யாரும் வரலை."

பேருந்து வந்தது. அவள் ஏறும்போது திரும்பி, "அந்த நீலப் பையை எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.

"சரிம்மா" என்றாள் பூட்டம்மா.

இரண்டு மணி நேரத்தில், ஒரு கைக்கருவிக்குள், ஒரு தெருவின் கதை முடிந்தது. அலுவலகத்தில் எவருக்கும் வியர்க்கவில்லை.

*

கடையைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

அப்பா உள்ளறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்தார். தம்பி அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சாவிக்கொத்தையும் தொலைபேசியையும் மேசைமேல் வைத்தான்.

"விடுக்கா. எல்லாம் நல்லதுக்குத்தான். அப்பாவோட முழங்காலுக்கு டாக்டர் அங்கதான் இருக்கார். உனக்கு என் கடையில ஒரு மேசை ரெடியா இருக்கு. இன்னும் பத்து வருஷம் இந்த உப்பைச் சுரண்டிக்கிட்டு இருப்பியா?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அதில் இருந்த கொடுமை.

"நான் பூட்டினதை நீ பாக்கலியா?"

"எங்கே பாத்தேன்? ஸ்டுடியோல லைட் எரியலைக்கா. பின் ரூம்ல மெயின் சுவிட்சைத் தேடிக்கிட்டு இருந்தேன், முழு நேரமும். பாத்திருந்தா விட்டிருப்பேனா?" பிறகு, அவள் கேளாமலே, "பாத்திருந்தாலும் என்ன பண்றது? உன் கடைச் சாவி வீட்ல பீரோவுலதானே இருக்கு" என்றான்.

பூட்டம்மா மேசையைப் பார்த்தாள்.

வேன் சாவி, வீட்டுச் சாவி, அவனுடைய கடைச் சாவி, இரண்டு அட்டைகள். நடுவில் ஒரு பித்தளைச் சாவி. அதன் தலையில் அரத்தால் போட்ட மூன்று கோடுகள். தன் கடைக்கு அவளே வெட்டிய மாற்றுச் சாவி. தாய் பிள்ளையை அடையாளம் காண்பதற்கு ஆகும் நேரம்கூட அவளுக்கு ஆகவில்லை.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஈரத் துணியால் மேசையைத் துடைத்தாள். சாவிக்கொத்தைச் சற்று நகர்த்தித் துடைத்துவிட்டு, மீண்டும் அவன் பக்கமே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேனைக் கொண்டு வரட்டுமா?" என்றான்.

"கொண்டு வா."

"நிஜமாத்தானே?"

"சொன்னா சொன்னதுதானேடா."

அவன் எழுந்தான். வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தவன்போல் திரும்பினான். பிறகு, "அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துடுச்சான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். வேன் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊர்ச் சாலையில் ஏறி மறைந்தது.

*

பிற்பகலில் மூன்று கடைகளையும் திரும்பப் பூட்டக் கிளம்பினாள். இம்முறை தன் கடையைப் பூட்டும்போது கையைக் கவனித்தாள். ஷட்டரை இழுத்தது, பூட்டியது, சாவியைச் சட்டைப் பையில் போட்டது. மூன்று நொடி.

செருப்புக் கடையில் நாற்காலிக்கு எதிரே ஒரு ஜோடி ஆறாம் எண் செருப்பு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

கடைசியாக ஸ்டுடியோ. உள்ளே நுழைந்து சுவிட்சைத் தட்டினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பிறகு தரையைப் பார்த்தாள்.

தரையில் நான்கு ஆண்டுத் தூசி, மாவு தூவியதுபோல் பரவிக் கிடந்தது. காலையில் அவள் ஷட்டரை ஏற்றியதோடு சரி, உள்ளே வரவில்லை. எனவே அந்தத் தூசியில் ஒரே ஒருவருடைய காலடிகள்தாம் இருந்தன. வாசலிலிருந்து, படமெடுக்க உட்காரவைக்கும் முக்காலிவரை ஒரு வரிசை. பின்னறைப் பக்கம் தூசி கலையவே இல்லை. ஓர் எலியின் தடம்தான் அந்தப் பக்கம் போயிருந்தது.

முக்காலியிலிருந்து வாசலை நோக்கி இன்னொரு வரிசை. அது வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அங்கே இரண்டு பாதங்களும் அருகருகே, ஆழமாக, விளிம்பு மழுங்கிப் பதிந்திருந்தன. எடையைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டு நெடுநேரம் நின்ற பாதங்கள். அவற்றின் நுனிகள் தெருவைப் பார்த்திருந்தன.

பிறகு அந்தப் பாதங்கள் திரும்பி, முக்காலிக்கே போயிருந்தன. எல்லாம் முடிந்து வெளியேறிய கடைசி வரிசை மட்டும் எங்கும் நிற்காமல் படியைத் தாண்டியிருந்தது.

பூட்டம்மா அந்த இரண்டு தடங்களுக்கும் பின்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தினாள். நேர் எதிரே அவளுடைய கடை. மூடிய ஷட்டர். நடுவில் வெயில் பட்டு மின்னும் அவளுடைய பூட்டு. பத்து நிமிடம் அந்தப் பெண் நின்றிருக்கக்கூடிய இடம். இரண்டு முறை தட்டியிருக்கக்கூடிய தகடு. தட்டியது இங்கே நன்றாகக் கேட்டிருக்கும்.

அவள் அழவில்லை. தடங்களைக் கலைக்கவும் இல்லை. அவற்றின்மேல் கால் படாமல் ஓரமாக நடந்து வெளியே வந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். அந்தச் சாவியை ஆணிப்பலகையில் மாட்டாமல், தன் கடைச் சாவியோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன.

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் அந்தத் தம்பியை ஏசத் தொடங்கியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீங்கள் பக்கத்து ஊருக்குப் போய்ப் பொருள் வாங்கத் தொடங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குப் போங்கள். திறந்திருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், அவற்றுள் ஒன்றில் படியேறி உள்ளே போய், உங்களுக்கு வேண்டியது ஒன்றைக் கேளுங்கள். அதன் பிறகு வந்து தம்பியைத் திட்டுங்கள். அதுவரை திட்டாதீர்கள்.